என் வீட்டுப்பாடத்தின் ஏழாம் எண் செவிலியர்

அனுப்புநர்:
பாட ஒருங்கிணைப்பாளர்,
முதுகலைப் பயன்பாட்டுப் புள்ளியியல் (வார இறுதி வகுப்பு),
புள்ளியியல் துறை, பல்கலைக்கழகம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள் இயக்குநரகம்.

பொருள்: பொது மருத்துவமனை ஆறாம் வார்டு – நோயாளிகள் கீழே விழுந்தது தொடர்பான விசாரணை – செவிலியர் ஒருவர் பணியிடை நீக்கம் – ஆதாரமாகக் காட்டப்படும் அட்டவணை வகுப்பு வீட்டுப்பாடத்துக்காக என்னால் கற்பனையாகத் தயாரிக்கப்பட்டது – வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன் தாங்கள் தலையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு நான் எழுதிய முதல் கடிதம் (பதில், நேரில் வரச் சொல்லி ஓர் அழைப்பு).
2. அவருக்கே நான் எழுதிய இரண்டாம் கடிதம் (பதில் வந்தது, வராமலே இருந்திருக்கலாம்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட பாடத்தை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இதுவரை எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதிய பழக்கம் எனக்கில்லை. நடையில் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும். இதை மூன்றாம் முறையாகத் தட்டச்சு செய்கிறேன்.

2. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பொது மருத்துவமனையின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், ஆறாம் வார்டுச் செவிலியர் ஒருவர், தம் கவனக்குறைவால் ஓராண்டில் இருபத்தாறு நோயாளிகள் கீழே விழுந்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்திடப் போகிறார். ஐயா, அந்த இருபத்தாறு பேரும் விழவில்லை. அப்படி இருபத்தாறு பேர் இல்லவே இல்லை. ஒரு புதன்கிழமை பிற்பகல், துறை அறையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் அவர்களை நான்தான் உண்டாக்கினேன்.

3. எங்கள் பாடத்தைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பதினான்கு வாரம், சனி ஞாயிறுகளில் நடக்கிறது. முப்பத்தொரு மாணவர்கள், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். காப்பீட்டு நிறுவன ஊழியர், பள்ளி ஆசிரியர், பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுபவர் எனப் பலவகை. கணினி அறையில் பதினாறு கணினிகள். அவற்றில் மூன்று தமக்குத் தோன்றினால்தான் வேலை செய்யும். ஆகவே மாணவர்களை இரண்டு அணியாகப் பிரிப்பது, காவலாளியிடம் சாவி வாங்குவது, திரையில் படம் விழாதபோது இயந்திரத்தின் தலையில் தட்டுவது, வெளித்தேர்வாளரைக் கெஞ்சி வரவழைப்பது, மதிப்பெண் போடுவது, போட்ட மதிப்பெண் ஏன் குறைந்தது என்று விளக்குவது எல்லாம் என் பொறுப்பு. பயிற்சிக்கான தரவுகளைத் தயாரிப்பதும் அதில் அடக்கம். உண்மைத் தரவு கேட்டு அலுவலகங்களுக்கு எழுதினால் தேர்வு முடிந்து மாணவர் பட்டம் வாங்கிய பிறகுதான் அனுமதி வருகிறது. அதனால் உலகெங்கும் புள்ளியியல் ஆசிரியர்கள் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். கணினியிடம் சில விதிகளைக் கொடுத்து, எண்களை அதையே குலுக்கிப் போடச் சொல்கிறேன். விடை எனக்கு முன்பே தெரியும். மாணவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

4. இங்கே என் வகுப்பின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்கு நான்தான் முழுப் பொறுப்பு. முதலாம் ஆண்டு, "இது கற்பனைத் தரவு" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். மாணவர்கள் கடமைக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டு சொல்லாமல் விட்டேன். அந்த வகுப்பு வேறாக இருந்தது. சாப்பிடும்போதும் அதையே பேசினார்கள், ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள், சண்டை போட்டார்கள். அன்றிலிருந்து, தரவு எங்கிருந்து வந்தது என்பதைப் பன்னிரண்டாம் வாரம் வரை சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் நாளே, "இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பக் கேக்காதீங்க, பன்னண்டாவது வாரம் நானே சொல்றேன்" என்பேன். பெரிய சாமர்த்தியம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்ட காலம் அது.

5. இவ்வாண்டு மாணவர்களில் ஒருவர் பொது மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பணிபுரிகிறார். வயது முப்பத்தெட்டு. முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் இருமினாலும் குறித்துக்கொள்வார். வகுப்பே அவரை 'ரெக்கார்டு அக்கா' என்று கூப்பிடும். இம்மனுவிலும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவரவர் பணியிடத்தில் புழங்கும் வெற்றுப் படிவம் ஒன்றைக் கொண்டுவருமாறு முதல் வாரம் கேட்டிருந்தேன். ரெக்கார்டு அக்கா கொண்டுவந்தது, நோயாளிகள் கீழே விழுந்தால் குறிக்கும் படிவம். நாள், ஷிப்ட், செவிலியர் எண், கட்டிலில் இருப்போர், விழுந்தோர் என்று ஐந்து பத்திகள். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மேல் மூலையில் மருத்துவமனையின் படிவ எண் இருந்தது. அதை நான் அழிக்கவில்லை. உண்மை போலத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

6. அந்தப் படிவத்துக்குள் எண்களைக் கணினியைக் கொண்டு நிரப்பினேன். ஒன்பது செவிலியர்கள், ஒரு நாளுக்கு மூன்று ஷிப்ட். எட்டுச் செவிலியர்களுக்கு, நூறு ஷிப்டில் எட்டில் யாராவது விழ வேண்டும் என்றும், ஏழாம் எண்ணுக்கு மட்டும் நூற்றுக்கு இருபத்திரண்டு என்றும் விதி கொடுத்தேன். ஏன் ஏழு என்று கேட்டால் காரணமே கிடையாது. சென்ற ஆண்டு நான்கு என்று வைத்திருந்தேன். முந்தைய மாணவர்கள் விடையை வெளியே சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டு, இவ்வாண்டு மாற்றினேன். விரல் ஏழில் போய் நின்றது. ஆறிலோ எட்டிலோ நின்றிருந்தால் இன்று வேறொரு குடும்பம் அழுதுகொண்டிருக்கும்.

7. எட்டாம் வாரம் ரெக்கார்டு அக்கா ஒன்பது பக்க அறிக்கை கொடுத்தார். வகுப்பிலேயே சிறந்த அறிக்கை அது. ஏழாம் எண்ணைப் பிசிறில்லாமல் பிடித்துவிட்டார். ஆனால் முடிவுரையில் மட்டும் 'தோன்றுகிறது', 'இருக்கலாம்', 'என்று கருத இடமுண்டு' என்று பயந்து பயந்து எழுதியிருந்தார். இந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்காத விஷயம். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "மிகத் தெளிவான முடிவு. தயங்க ஒன்றுமில்லை. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தவர் சும்மா இருக்கக் கூடாது." முழு மதிப்பெண்ணும் போட்டேன்.

8. அவர் சும்மா இருக்கவில்லை. அவருடைய தந்தை குளியலறையில் விழுந்து, அந்தப் படுக்கையிலிருந்து எழாமலே போனவர். அதனால் அந்த எண்களை அவர் வீட்டுப்பாடமாகப் பார்க்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள் என நான் சொன்னதை, மருத்துவமனையிலிருந்து ரகசியமாக அனுமதி பெற்றிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். தம் மருத்துவமனையின் படிவம், தம் மருத்துவமனையின் படிவ எண், மேலே ஆசிரியரின் சிவப்பு மை. வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? பத்தாம் வாரம், அறிக்கையையும் அட்டவணையையும் கண்காணிப்பாளரிடம் நேரில் கொடுத்தார். ரெக்கார்டு அக்கா மீது எந்தக் குற்றமும் இல்லை என்பதைத் தாங்கள் தயவுசெய்து பதிவுசெய்ய வேண்டும். அவர் செய்தது நல்ல மனிதர் செய்யும் காரியம்.

9. கண்காணிப்பாளருக்கு அது கேட்காமல் கிடைத்த வரமாக இருந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஆறாம் வார்டில் முதியவர் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது உண்மை. ஷிப்ட் மாறும் நேரத்தில் நடந்ததால் யார் பொறுப்பு என்று முடிவாகவில்லை. அவருடைய குடும்பத்தார் விடாமல் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மேசைமேல் ஓர் அட்டவணை வந்து விழுந்தது. அதில் வார்டு எண் இல்லை, ஆனால் ஒன்பது செவிலியர்கள் இருந்தார்கள், ஆறாம் வார்டிலும் ஒன்பது பேர், அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வார்டின் பணிப்பட்டியலை எடுத்து, மேலிருந்து எண்ணி, ஏழாவதாக இருந்த பெயருக்கு நேரே கோடு போட்டார்கள். இருபத்தாறு ஆண்டுகளாகச் செவிலியராக இருப்பவர் அவர். என் அட்டவணையின் இருபத்தாறும் இதுவும் ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயல். ஆனால் விசாரணைக் குழுவில் ஒருவர் இதையும் குறித்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

10. எனக்கு இது தெரியவந்தது பன்னிரண்டாம் வாரம். வழக்கம்போல் கரும்பலகையின் முன் நின்று, "இந்த வார்டு இல்ல, இந்த நர்ஸ் இல்ல, விழுந்தவங்க யாரும் இல்ல, எல்லாம் நான் செஞ்சது" என்றேன். ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் வகுப்பு முழுவதும் சிரிக்கும். இவ்வாண்டும் சிரித்தது. முதல் பெஞ்சில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "மேடம், அந்தம்மாவப் போன வாரமே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்றார். சிரிப்பு பின் பெஞ்சுகளில் இன்னும் ஓயாமல் இருந்தது. என் கையிலிருந்த சுண்ணக்கட்டி எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை.

11. மறுநாளே முதல் கடிதத்தைக் கொடுத்தேன். அத்துடன் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினேன். ஐயா, அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான அச்சம் தொடங்கியது. நான் பாடம் நடத்த வசதியாகச் செய்துவைத்த ஒவ்வொன்றும் அந்தச் செவிலியர் மீது ஒரு குற்றச்சாட்டாக மாறியிருப்பதைக் கண்டேன்.

என் அட்டவணையில் ஓராண்டுக்கு முந்நூற்று அறுபது நாட்கள்தான் உண்டு. மூன்றாலும் ஒன்பதாலும் மீதியின்றி வகுபடும் என்பதால் அப்படி வைத்தேன். குழு இதைக் கவனித்து, "ஆண்டின் கடைசி ஐந்து நாள் பதிவுகள் அகற்றப்பட்டுள்ளன" என்று எழுதியிருக்கிறது. உண்மையான பணிப்பட்டியலைப் பார்த்ததில், அந்த ஐந்து நாளும் பிற்பகல் ஷிப்டில் இருந்தவர் அவரே. இது இரண்டாம் குற்றச்சாட்டு.

ஒன்பதாம் வாரப் பாடம், விடுபட்ட தரவுகளைக் கையாள்வது. அதற்காக, 'கட்டிலில் இருப்போர்' பத்தியில் நாற்பத்து மூன்று இடங்களை நானே காலியாக்கினேன். காரணத்தோடு விடுபடும் தரவு எப்படியிருக்கும் என்று மாணவர்கள் காண வேண்டும் என்பதற்காக, அவற்றில் முப்பத்தொன்றை ஏழாம் எண்ணின் வரிகளில் வைத்தேன். இது இப்போது, "முப்பத்தொரு முறை விவரங்களை வேண்டுமென்றே மறைத்தார்" என்ற மூன்றாம் குற்றச்சாட்டு.

ஒன்பது பேரும் ஆளுக்குச் சரியாக நூற்றிருபது ஷிப்ட் வேலை செய்திருக்கிறார்கள், ஒருவர் கூட ஒரு நாள் கூட விடுப்பு எடுக்கவில்லை, இப்படி ஒரு வார்டை நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டு எழுதியிருந்தேன். இதற்கு மட்டும் குழு யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. ஆறாம் வார்டின் வருகை ஒழுங்கு பாராட்டத்தக்கது என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

நான் சிவப்பு மையில் எழுதிய மூன்று வரிகளும் 'துறை வல்லுநரின் கருத்து' என்ற தலைப்பில் கோப்பின் முதல் தாளாக இருக்கின்றன.

12. முதல் கடிதத்தின் பேரில் குழு என்னை நேரில் அழைத்தது. நீள மேசை, ஆறு நாற்காலிகள், ஒரு மடிக்கணினி. குழுவின் கணினிப் பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்களே கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே மேடம், இப்ப எங்க முன்னாடி ஒருதடவ செஞ்சு காட்டுங்க, அதே எண்கள் வந்தாப் போதும், கோப்பை மூடிடறோம்" என்றார். நியாயமான கேள்வி. விளக்கிவிடுகிறேன். கணினி குலுக்கும் எண்கள் ஒரு தொடக்க எண்ணிலிருந்து பிறக்கின்றன. அந்தத் தொடக்க எண்ணைக் குறித்து வைத்திருந்தால் அதே அட்டவணையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரவழைக்கலாம். குறிக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் புதிதாக வேறொன்று வரும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். தொடக்க எண்ணைக் குறிக்காத மாணவருக்கு ஐந்து மதிப்பெண் குறைக்கிறேன். கெஞ்சினாலும் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஐயா, நான் குறிக்கவில்லை. அன்று புதன்கிழமை, வெளித்தேர்வாளர் தொலைபேசியில் இருந்தார், வரமுடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்தானை அழுத்திவிட்டேன்.

ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அதே விதிகளைக் கொடுத்து மீண்டும் அழுத்தினேன். ஏழாம் எண்ணுக்கு இருபத்தொன்று வந்தது. மறுபடியும் அழுத்தினேன். முப்பது வந்தது. மூன்றாம் முறை வேறொன்று. ஒவ்வொரு முறையும் ஏழுதான் அதிகம், ஆனால் ஒரு முறை கூட அவர்கள் கையிலிருந்த அட்டவணை வரவில்லை. "அப்ப இது நீங்க செஞ்சது இல்லையே மேடம்" என்றார் அவர். மற்றொருவர், "எத்தன தடவ போட்டாலும் ஏழாம் நம்பர்தானே வருது" என்றார். அறையில் இருந்த எல்லோரும் தலையசைத்தார்கள். நான் அந்த விதியைக் கொடுத்ததால்தான் ஏழு வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே பொய் சொல்பவரின் குரலாகக் கேட்டது.

13. வீட்டுக்கு வந்து யோசித்து, அதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் தயாரிக்கிறேன் என்று நிரூபிப்பதற்காக, சென்ற ஆண்டின் அட்டவணையை இரண்டாம் கடிதத்துடன் இணைத்தேன். அதில் எந்த மருத்துவமனையின் படிவமும் இல்லை. 'ஒரு வார்டு' என்று மட்டுமே இருக்கிறது. அதில் அதிகமாக இருப்பது நான்காம் எண் என்பதை முன்பே தெரிவித்திருக்கிறேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. கூடுதல் ஆதாரம் அளித்தமைக்கு நன்றி என்றும், ஆறாம் வார்டின் பணிப்பட்டியலில் நான்காவதாக உள்ள செவிலியருக்கும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பப்பட்டுள்ளது என்றும் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் நான்காம் எண்ணின் கணவர் எங்கள் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "போன வருசம் ஆறு மாசம் அவ பிரசவ லீவுல இருந்தா, புள்ளையோட வீட்ல இருந்தா, அப்ப எப்படி அங்க ஆளு விழும்?" என்று கேட்டார். இதையும் குழுவுக்குத் தெரிவித்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஆறு மாதமும் அவர் எண்ணில் வேறு யார் பணி செய்தார் என்பதும் விசாரிக்கப்படும் என்று குழு சொல்லியிருக்கிறது. அந்தக் கைக்குழந்தையின் அழுகை தொலைபேசியில் கேட்டது. நான் ரிசீவரை வைத்துவிட்டேன். அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

14. எங்கள் துறைத் தலைவர் என்னை அழைத்து, "இனிமே வாயைத் திறக்காதீங்க, அடுத்த மாசம் பாடத்துக்கு மறு அங்கீகாரம் வருது" என்று அறிவுறுத்தினார். என் வீட்டுக்காரர், "லீவப் போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வரலாம், அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும்" என்கிறார். இருவரும் என் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். எனக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமலில்லை. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இம்மனுவைத் தலைவருக்குத் தெரியாமல்தான் அனுப்புகிறேன். வருகைப் பதிவு எடுக்கும்போது ஏழாம் எண் மாணவர் "ப்ரசன்ட்" என்று சொல்கிறார். அடுத்த எண்ணைக் கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை. மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.

15. குழு அழைத்த அன்று, அறைக்கு வெளியே மர பெஞ்சில் அந்தச் செவிலியர் உட்கார்ந்திருந்தார். அவரை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். உள்ளே போய்விட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான்தான் அந்த ஆசிரியர் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவர் சொன்னதை என்னால் இயன்றவரை அப்படியே தருகிறேன், ஏனெனில் எனக்கு எல்லாவற்றையும்விட அச்சமூட்டியது அதுதான்.

"எனக்குக் கணக்கெல்லாம் வராது மேடம். மொதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்பறம் வீட்ல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். என் டியூட்டியில அஞ்சாறு பேரு விழுந்தது நல்லா ஞாபகம் இருக்கு. மத்தவங்க டியூட்டியில யாரும் விழுந்ததா எனக்கு ஞாபகமே இல்ல. அப்ப நான்தானே சரியில்ல?"

மற்றவர்கள் பணியில் இருந்தபோது நீங்கள் அங்கே இல்லை, அதனால்தான் உங்களுக்கு நினைவில்லை என்றேன். இதை முப்பத்தொரு மாணவர்களுக்கு மூன்றாம் வாரம் அரை மணி நேரத்தில் புரியவைத்துவிடுவேன். அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. "நீங்க நல்ல மனசோட சொல்றீங்க" என்றார். ஒப்புக்கொண்டால் இடமாற்றத்தோடு போய்விடும், இல்லாவிட்டால் காவல்துறைக்குப் போகும் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருக்கிறாராம். ஓய்வுக்கு இன்னும் மூன்றாண்டுதான் இருக்கிறதாம். ஆனால் ஐயா, அவர் கையெழுத்திடப் போவது மிரட்டலுக்குப் பயந்து அல்ல. அதுவாவது இருந்தால் எதிர்த்து நிற்கலாம். அவர் நம்பிவிட்டார். செய்யாத ஒன்றைச் செய்ததாக, என் அட்டவணையை வைத்து, தம்மைப் பற்றித் தாமே நம்பிவிட்டார்.

16. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது இது. ஆறாம் வார்டில், வெப்பமானித் தட்டு வைக்கும் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், கையால் எழுதிய உண்மையான பதிவேடுகள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. ரெக்கார்டு அக்கா அவற்றைப் பார்த்திருக்கிறார். இந்த விசாரணை முழுவதிலும் அவற்றை ஒருவரும் திறக்கவில்லை. கணினியில் அச்சிட்ட தாள் கையில் இருக்கும்போது பன்னிரண்டு நோட்டை யார் உட்கார்ந்து எண்ணுவது என்று கேட்டார்களாம். நான் எண்ணுகிறேன். அனுமதி கொடுத்தால் ரெக்கார்டு அக்காவும் நானும், தாங்கள் நியமிக்கும் யார் முன்னிலையிலும், ஒரே நாளில் எண்ணி முடித்துவிடுவோம்.

17. ஆனால் திறப்பதற்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். இதை ஆசிரியராக அல்ல, மிகவும் பயந்துபோன ஒருத்தியாகக் கேட்கிறேன். அந்த நோட்டுகளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்பது பேர் இருக்கும் வார்டில் யாரோ ஒருவருடைய எண்ணிக்கை மற்றவர்களைவிட அதிகமாகத்தான் இருக்கும். எல்லோரும் ஒரே அளவு கவனமாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அந்த ஒருவர் இவராகவே இருந்துவிட ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. அது சிறிய வாய்ப்பு இல்லை. அப்படி அமைந்துவிட்டால், இரண்டே இரண்டு பேர் கூடுதலாக இருந்தாலும், "பார்த்தீர்களா" என்று கேட்பார்கள், அதற்குப் பின் அவரைக் காப்பாற்ற யாராலும் முடியாது. ஆகவே எத்தனை கூடுதல் இருந்தால் அது தற்செயல் அல்ல என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி, தாங்கள் கையெழுத்திட்டு, உறையில் ஒட்டிவைத்த பிறகே முதல் நோட்டைத் திறக்க வேண்டும். அந்த எண்ணைக் கணக்கிட வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியரை அமர்த்துங்கள். நான் கணக்கிட்டால் என்னாலேயே அதை நம்ப முடியாது.

18. தண்டனை என்று ஒன்று வேண்டுமானால் எனக்குக் கொடுங்கள். படிவ எண்ணை அழிக்காதது நான். கற்பனை என்று சொல்லாதது நான். தொடக்க எண்ணைக் குறிக்காதது நான். இம்மூன்றையும் ஒப்புக்கொண்டு எந்தத் தாளிலும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறேன்.

19. மனுவோடு ஆதாரங்களை இணைப்பது முறை என்பதை அறிவேன். முதல் கடிதத்தோடு இணைத்த விளக்கம் கோப்பில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டாம் கடிதத்தோடு இணைத்த தாள், பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குக் குறிப்பாணை வாங்கிக் கொடுத்தது. இனி என் கையிலிருந்து எண்கள் உள்ள ஒரு தாள் கூட யாருடைய மேசைக்கும் போக நான் அஞ்சுகிறேன். எனவே எதையும் இணைக்கவில்லை.

20. இவ்வளவும் எழுதி முடித்து உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது, சற்று முன் அந்தச் செவிலியரிடமிருந்து தொலைபேசி வந்தது. என் எண்ணை ரெக்கார்டு அக்காவிடம் வாங்கியிருக்கிறார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒப்புதல் கடிதத்துல எத்தன பேருன்னு எழுதணுமாம் மேடம். எனக்குச் சரியா நெனவு வரல. உங்களுக்குத்தான் தெரியும். இருபத்தஞ்சா, இருபத்தாறா?"

அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வியாழன் மாலை மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்த இரும்பு அலமாரியைத் திறக்கத் தாங்கள் உத்தரவிட்டு, அவரிடம் நான் சொல்வதற்கு ஏதாவது ஒன்றைக் கொடுக்குமாறு கைகூப்பி வேண்டுகிறேன்.

இடம்: துறை அலுவலகம்
நாள்: செவ்வாய்க்கிழமை, பதினான்காம் வாரம்

அச்சத்துடனும் நம்பிக்கையுடனும் தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பாட ஒருங்கிணைப்பாளர்

இணைப்பு: இல்லை